தடத்தைக் காப்பவர் யார்? அதியமான் பெருவழி முதல் மோட்டார் சைக்கிள் தடங்கள் வரை

பெங்களூரின் அடுகோடி வழியாகத் தெற்கே இறங்கும் ஓசூர்ச் சாலை, அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிப் பக்கம் செல்கிறது. இந்திய மோட்டார் சைக்கிள் வரலாற்றில் அடுகோடிக்கு ஓர் இடம் உண்டு. 1951இல் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் தன் தொழிற்சாலையை இங்கே அமைத்து, ஸ்பார்க் பிளக்குகளை உருவாக்கியது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டும் 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஜாவாவும் உற்பத்திக்கு வந்தபோது, அவ்வண்டிகள் ஓடவேண்டிய ஊர்வழிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தார் இல்லை. இன்று ‘ஆஃப் ரோடு’ என்று விரும்பித் தேடிச் செல்லப்படுவது, அன்று பலருக்கு அன்றாடப் பயணம்.

மண்தடங்களில் நெடுந்தொலைவு செல்லும் மோட்டார் சைக்கிள் பயணம் இப்போது பல நாடுகளில் பெருகியுள்ளது. அதற்கென்று தன்னார்வலர் பேணும் தடங்களும் உருவாகியுள்ளன. இவ்வளர்ச்சி வரலாற்று மாணவர் முன் ஒரு பழைய கேள்வியை மீண்டும் வைக்கிறது: அரசு தார் போட்டுப் பராமரிக்காத ஒரு வழி, யாருடைய பொறுப்பால் வழியாகவே நீடிக்கிறது?

விடை தேட ஓசூர்ச் சாலையின் தென்கோடிக்கே செல்லலாம். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்று, ‘அதியமான் பெருவழி’ என்று வழியின் பெயரையும், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவையும் பொறித்துள்ளது. எழுத்தோடு குழிகளும் உள்ளன: பெரியவை இரண்டு, சிறியவை ஒன்பது. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாதவரும், இருளில் வருபவரும் விரலால் தடவியே தொலைவை அறிந்திருக்க முடியும்.

இக்கல்லின் சொற்கள் ஆராயத்தக்கவை. வழியின் பெயர் ஆட்சியாளருடையது. சேருமிடத்தின் பெயரோ வணிகருடையது. ‘தாவளம்’ என்பது வணிகர் தங்கும் இடம். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தம் சொந்தக் காவல் வீரர்களுடன் இயங்கியதையும், எறிவீரபட்டினம் என்னும் காவலுடைய வணிக ஊர்கள் இருந்ததையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். வழியின் பாதுகாப்பு அரசனிடம் மட்டும் விடப்பட்டிருக்கவில்லை. அதில் நடந்தவர்களும் அதைச் சுமந்தனர்.

பிற்காலத்தில் இப்பொறுப்பு ஊராரிடம் பரவலாகக் காணப்படுகிறது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிக் கல், கோடையில் வைக்கப்பட்ட தண்ணீர்ப் பந்தல், வழியோரக் கிணறு, நிழல்மரம் ஆகியவை அறம் எனப்பட்டன. இன்றைய சொல்லில் அவை வழிப் பராமரிப்பே. ‘சாலை’ என்னும் சொல்லுக்கு இருபுறமும் மரம் செறிந்த பாட்டை என்று ஒரு பொருள் உண்டு. மரம் நட்டவரின் உழைப்பு அச்சொல்லிலேயே தங்கியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொதுப்பணித் துறை உருவானபின், வழிகள் இரண்டாகப் பிரிந்தன. துறையின் கணக்கில் ஏறியவை சாலைகளாயின. ஏறாதவை வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் வெறும் கோடுகளாயின. அக்கோடு தமிழ்நாட்டில் ‘வண்டிப்பாதை’. எல்லை தாண்டினால் கன்னடத்தில் ‘பண்டி தாரி’. மாட்டுவண்டி மறைந்தபின் பல பாதைகள் வயலோடு உழப்பட்டும், வேலிக்குள் அடைபட்டும் போயின. வரைபடத்தில் கோடு இருந்தும் நிலத்தில் வழி இல்லை.

இதற்கு நேரெதிரான இழப்பை இங்கிலாந்து கண்டது. அங்கு மண்தடங்களில் செல்லும் மோட்டார் சைக்கிளோட்டிகள் 1970இல் ‘டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப்’ என்னும் அமைப்பை நிறுவி, பழைய ஊர்வழிகளில் தமக்குரிய வழியுரிமையைக் காக்க முயன்றனர். ஆனால் 2006இல் வந்த சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் முறையாகப் பதிவு பெறாத பெரும்பாலான தடங்களில் மோட்டார் வண்டிகளுக்கு இருந்த உரிமையை நீக்கியது. அங்கே நிலத்தில் வழி இருந்தது, ஏட்டில் இல்லை. ஆக, ஒரு வழி நிலைக்கப் புழக்கம், பதிவு ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்று தவறினாலும் வழி அழியும்.

2017இல் தொடங்கிய ‘டிரான்ஸ் யூரோ டிரெயில்’ இவ்விரண்டையும் தன்னார்வலர் கையில் சேர்த்தது. நாட்டுக்கு நாடு பொறுப்பாளர்கள் உள்ளனர். ‘லைன்ஸ்மேன்’ என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். இவர்கள் புதுவழி வெட்டுவதில்லை. வண்டி செல்லச் சட்டம் இடங்கொடுக்கும் பழைய மண்வழிகளைத் தேர்ந்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஜிபிஎஸ் கோப்பாக இலவசமாக வழங்குகின்றனர். ஓரிடத்தில் தடை வந்தால் கோட்டைத் திருத்துகின்றனர். சென்று வந்தவர் தரும் செய்தி அடுத்தவருக்கு உதவுகிறது. எழுத்தறியாதவருக்காகக் குழி வெட்டியவரும், முன்பின் அறியாதவருக்காகக் கோப்பைத் திருத்துபவரும் செய்வது ஒரே வேலை.

இதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது யானைகள் நடமாடும் காடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் செல்ல அனுமதி வேண்டும். மனிதர் ஒரு காலத்தில் நடந்த வழி என்பதாலேயே இன்று அதில் எஞ்சினை முடுக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. எங்கே திரும்பிவிடவேண்டும் என்பதையும் எழுதிவைக்கும் பொறுப்பு தடத்தைப் பேணுபவருக்கு உண்டு.

காட்டுக்கு வெளியே உள்ள வண்டிப்பாதைகளின் நிலை வேறு. எது இன்னும் திறந்திருக்கிறது, எது மறைந்தது, எந்த ஊரார் அதை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பவற்றைக் கிராம வரைபடத்தோடு நேரில் ஒப்பிட்டுப் பதிவது, வரலாற்று மாணவரும் மொழியியல் மாணவரும் வண்டியோட்டிகளும் சேர்ந்து செய்யக்கூடிய பணி. பாதையின் பெயரைச் சொல்லத்தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அது நடக்கவேண்டும். 29 காதம் என்று ஒருவர் கல்லில் பொறித்து வைத்ததால்தான், அதியமான் பெருவழி என்று ஒன்று இருந்ததை இன்று நாம் அறிகிறோம்.