இரண்டு பார்பராக்கள்: அவசிய நியாயத்தொடை பற்றிய நெடும் வழக்கு

அரிஸ்டாட்டிலின் 'முற்பகுப்பாய்வு' நூலில், முதற் புத்தகத்தின் 8 முதல் 22 வரையான அத்தியாயங்கள் ஒரு தனிக் கேள்வியை எடுத்துக்கொள்கின்றன. எடுகூற்றில் 'அவசியமாக' அல்லது 'இருக்கக்கூடும்' என்ற சொல் ஏறினால், நியாயத்தொடையின் முடிவு என்ன ஆகும்? நூலின் மற்றப் பகுதிகள் பல நூற்றாண்டுகள் பாடமாக நின்றன. இந்தப் பதினைந்து அத்தியாயங்களோ அவருடைய மாணவர் காலத்திலேயே வழக்குக்கு உள்ளாயின.

வழக்கின் வேர் 9ஆம் அத்தியாயம். 'எல்லா ம-வும் ப. எல்லா ச-வும் ம. ஆகவே எல்லா ச-வும் ப' என்ற வடிவத்துக்கு இடைக்காலப் பள்ளிகள் 'பார்பரா' என்று பெயரிட்டன. இதில் முதல் எடுகூற்று (பேரெடுகூற்று) அவசியமானதாகவும் இரண்டாவது (சிற்றெடுகூற்று) வெறும் உண்மையாகவும் இருந்தால் முடிவும் அவசியமானது என்கிறார் அரிஸ்டாட்டில். இரண்டையும் இடம் மாற்றினால் அந்த முடிவு கிடையாது. ச என்பது ம-க்களுள் ஒன்று. ம ஒவ்வொன்றுக்கும் அவசியமாகப் பொருந்துவது ச-வுக்கும் அப்படியே பொருந்தும் என்பது அவர் தரும் காரணம்.

மாணவர்களான தியோப்பிராஸ்தசும் யூடெமசும் இதை ஏற்கவில்லை. முடிவு எப்போதும் பலவீனமான எடுகூற்றின் வழியே செல்லும் என்றார்கள். தியோப்பிராஸ்தசின் எடுத்துக்காட்டு கூர்மையானது: மனிதன் அவசியமாக விலங்கு, நகர்வதெல்லாம் மனிதன் என்று கொள்வோம், அதற்காக நகர்வதெல்லாம் அவசியமாக விலங்கு ஆகிவிடாது. கி.பி. 200ஐ ஒட்டி அஃப்ரோடிசியாஸ் அலெக்சாந்தர் எழுதிய உரை இந்த வாதத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

அவசியம் எதன்மேல் ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும் அந்த மனிதர்களை எடுத்துக்கொண்டால், அவர்கள் ஒவ்வொருவரும் அவசியமாக விலங்கே. அரிஸ்டாட்டில் சொன்னது சரி. 'நகர்வதெல்லாம் விலங்கு' என்ற முழுக் கூற்றை எடுத்துக்கொண்டால், அது அவசியமான கூற்று அன்று. தியோப்பிராஸ்தஸ் சொன்னது சரி. 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா, ஒரு பொருள் இருக்கும்வரை உள்ள அவசியத்தையும், அது குறிப்பிட்ட வருணனைக்குள் நிற்கும்வரை மட்டும் உள்ள அவசியத்தையும் பிரித்தார். லத்தீன் ஐரோப்பாவில் அபெலார்டு பொருளின்மேல் ஏறும் அவசியத்தையும் கூற்றின்மேல் ஏறும் அவசியத்தையும் வேறாக்கினார். 14ஆம் நூற்றாண்டில் புரிடான் அந்தப் பாகுபாட்டின்மேல் முழு விதித்தொகுதியே கட்டினார்.

ஆனால் பாகுபாடு வழக்கைத் தீர்க்கவில்லை. 1933இல் ஆல்பிரெக்ட் பெக்கர் ஒரு முரணைச் சுட்டினார். 'எந்த அ-வும் அவசியமாக இ அன்று' என்பதை 'எந்த இ-யும் அவசியமாக அ அன்று' என்று திருப்பலாம் என்பது அரிஸ்டாட்டிலின் விதி. பொருளின்மேல் அவசியத்தை ஏற்றினால் இவ்விதி உடைகிறது. வெள்ளையானவை எல்லாம் அன்னங்களாகவே இருக்கும் ஒரு சூழலை நினையுங்கள். அங்கே வெள்ளையான எதுவும் மனிதனாக இருக்க முடியாது. ஆனால் மனிதன் எவனும் வெள்ளையாக இருக்க முடியாது என்பது பொய். ஆக, பார்பராவுக்கு ஒரு வாசிப்பும் திருப்பலுக்கு வேறொரு வாசிப்பும் வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் இதைவிடக் கடினமான முடிச்சை நான் அறியேன்.

வூகாசியேவிச் 1957இல், அரிஸ்டாட்டிலின் நியாயத்தொடை பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில், நான்கு மதிப்புத் தர்க்கத்தால் இதை அணுகினார். அதில் இரண்டு பார்பராக்களுமே வலிதாகிவிட்டன. அரிஸ்டாட்டில் மறுத்ததும் உள்ளே வந்துவிட்டது. ஸ்டோர்ஸ் மெக்கால் 1963இல் அமைத்த அடிகோள் முறை, அவசிய நியாயத்தொடைகளில் எவை வலிது, எவை வலிதல்ல என்ற அரிஸ்டாட்டிலின் தீர்ப்புகளை அப்படியே தந்தது. அது பெரிய சாதனை. ஆயினும் எந்த அடிகோள்கள் போதும் என்று மட்டுமே அது சொல்கிறது. அவை ஏன் உண்மை என்பதற்கு அதனுள் விடை இல்லை.

2013இல் மார்க்கோ மாலிங்க், அரிஸ்டாட்டிலின் 'தலைப்புகள்' நூலிலுள்ள சாரம், இனம் பற்றிய கோட்பாட்டின்மேல் ஒரே மாதிரியை அமைத்து அவர் தீர்ப்புகள் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தார். 'இருக்கக்கூடும்' என்னும் கூற்றுகளுக்கு அதில் வரும் வரையறைகள் மிகச் சிக்கலானவை. தீர்ப்புகளுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவையாகவே எனக்குத் தோன்றுகின்றன. ஆயினும் அவசியக் கூற்றுகளைப் பொறுத்தமட்டில் மாலிங்கின் விளக்கமே இன்று நம்மிடம் உள்ளவற்றுள் வலுவானது.