அரசு மருத்துவர் போராட்டம், தமிழ்நாடு (2019)

தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் பணி நிலைமையை முன்வைத்து 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை நடத்திய வேலைநிறுத்தம். 2009ஆம் ஆண்டின் அரசாணை 354-ஐ மறுஆய்வு செய்து காலமுறை ஊதிய உயர்வு தருதல், நோயாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்களை உயர்த்துதல், பட்டமேற்படிப்பில் பணியிலுள்ளோருக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு ஆகியவை முதன்மைக் கோரிக்கைகள். பணிமுறிவாக (பணித்தொடர்ச்சி அறுந்ததாக) கருதப்படும் என்ற அரசின் எச்சரிக்கைக்குப் பின் போராட்டம் கைவிடப்பட்டது; பங்கேற்றோர் மீதான இடமாற்ற ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது.

ஊதியமே பெரிதாகப் பேசப்பட்டாலும், பணியிடக் கோரிக்கையே நோயாளியை நேரடியாகத் தொடுவது. நோயாளர் எண்ணிக்கையைப் பார்த்தே பணியிடங்களை வகுக்க வேண்டும் என்பதற்குத் திருத்தணி நல்ல சான்று. இந்த எல்லையோர முருகன் தலத்தில் ஆடிக் கிருத்திகைக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. உள்ளூர் மக்கள்தொகையை மட்டும் வைத்து இத்தகைய ஊரின் மருத்துவத் தேவையை அளக்க முடியாது. மருத்துவர் எண்ணிக்கை குறைந்தால் இருப்போரின் பணிநேரம் நீளும். களைத்த மருத்துவரால் பிழை நேரும் வாய்ப்பும் கூடும்.

வேலைநிறுத்தம் ஏழை நோயாளியையே வருத்தும் என்ற ஆட்சேபம் வலுவானது. அவசரப் பிரிவு தடையின்றி இயங்க வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால், நிரப்பப்படாத பணியிடமும் அதே நோயாளியை ஆண்டு முழுவதும் வருத்துகிறது. நிதிச்சுமை என்ற வாதம் ஊதிய உயர்வைத் தவணைப்படுத்தக் காரணமாகலாம். பணியிடங்களைக் கணக்கிடாமல் இருக்கக் காரணமாகாது. பணியிலுள்ளோருக்கான மேற்படிப்பு ஒதுக்கீட்டு உரிமை மாநிலங்களுக்கு உண்டு என 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அக்கோரிக்கைக்கு அடிப்படை இருந்ததைக் காட்டுகிறது.