கேரல்: ஒரு சொல்லின் வரலாறும் பொருள்களும்

கேரல் என்பது மகிழ்ச்சி பொங்கப் பாடும் இனிய பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அகராதிகள் இதைப் பெயராகவும் வினையாகவும் காட்டுகின்றன. வினையாக வரும்போது பறவைகள் உற்சாகமாகக் குரலெழுப்புவதையும் குறிக்கும். ஆயினும் இன்று இச்சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது கிறிஸ்து பிறப்புப் பாடலே. திருச்சிராப்பள்ளியின் பாலக்கரைப் பகுதியில், மக்கள் சகாய மாதா கோயில் என்று அழைக்கும் உலக மீட்பர் பசிலிக்காவைச் சுற்றியுள்ள தெருக்களில், டிசம்பர் மாதத்தில் இச்சொல் தமிழ்ச் சொல்லைப் போலவே புழங்குகிறது. 'கேரல் வருகிறது' என்றால் பாட்டு வருகிறது என்று மட்டும் பொருளல்ல. பாடுவோர் கூட்டமாக வீட்டுக்கு வருகிறார்கள் என்பதும் அதில் அடக்கம்.

இச்சொல் முதலில் பாட்டையே குறிக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அது முதலில் குறித்தது ஓர் ஆட்டத்தை.

சொற்பிறப்பு

ஆங்கிலத்துக்கு இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'கரோல்' என்பது பலர் கைகோத்து வட்டமாக நின்று, பாடிக்கொண்டே ஆடும் ஆட்டம். அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கூட்டாக ஆடுவோருக்குக் குழல் வாசிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து.

வட்டம் என்ற பொருள் இச்சொல்லில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வாஸ், இங்கிலாந்தில் பெருங்கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சை 'அரக்கர்களின் கரோல்' என்று குறிப்பிடுகிறார். மடங்களில் துறவிகள் தனித்து அமர்ந்து படிக்கும் சிறு அடைப்புகளுக்கும் இப்பெயர் வழங்கியது. இங்கிலாந்தின் குளோஸ்டர் பேராலயத்தில் இத்தகைய கல் அடைப்புகள் 20 வரிசையாக இன்றும் உள்ளன. நூலகங்களில் தனியாளுக்கான படிப்பு மேசையைக் குறிக்கும் 'கேரல்' என்ற சொல், எழுத்து சற்றே மாறினாலும், இதே வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

பெண்களுக்கு இடப்படும் கேரல் என்ற பெயரை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சார்லஸ் என்ற பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்து வந்தது.

ஆட்டமும் தடையும்

இடைக்கால ஐரோப்பாவில் கரோல் ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருவர் முன்னின்று அடிகளைப் பாடுவார். ஆடுவோர் அனைவரும் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவர். நம் இசையில் சரணம் ஒவ்வொன்றுக்கும் பிறகு பல்லவிக்குத் திரும்புவதை இதனோடு ஒப்பிடலாம். இந்தப் பல்லவி அமைப்பே பிற்காலத்தில் கேரல் பாடலின் இலக்கணமாயிற்று.

இந்த ஆட்டத்தைத் திருச்சபையினர் விரும்பவில்லை. ஆலய வளாகத்தில் ஆடுவதைத் தடுக்கும் ஆணைகள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டன. 1303இல் ராபர்ட் மேனிங் எழுதத் தொடங்கிய அறநூலில் இதைப் பற்றிய கதை ஒன்று வருகிறது. கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலய முற்றத்தில் கரோல் ஆடியவர்களைக் குருவானவர் நிறுத்தச் சொல்கிறார். அவர்கள் கேட்கவில்லை. 'ஓராண்டு முழுவதும் ஆடிக்கொண்டே இருங்கள்' என்று அவர் சபிக்கிறார். ஆடியவர்களுள் அவருடைய மகளும் ஒருத்தி. அவளைப் பிடித்து இழுத்தபோது கை மட்டும் தனியே வந்துவிட்டது என்றும், அவள் ஆடிக்கொண்டே இருந்தாள் என்றும் கதை சொல்கிறது. கதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லப்பட்டது. ஆனால் மக்கள் அந்த ஆட்டத்தை எவ்வளவு விரும்பினார்கள் என்பதையும் அது காட்டிவிடுகிறது. யாரும் ஆடாத ஆட்டத்துக்குத் தடை எதற்கு?

ஆட்டம் உதிர்ந்து பாட்டு நின்றது

15ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் இச்சொல் பாட்டையே முதன்மையாகக் குறிக்கத் தொடங்கியது. கண்பார்வை இழந்த குருவானவர் ஜான் ஆட்லேயின் பாடல்களைக் கொண்ட, 1426ஆம் ஆண்டளவிலான கையெழுத்துப் படியில் 25 கேரல்கள் உள்ளன. அக்காலத்தில் எல்லாக் கேரல்களும் கிறிஸ்து பிறப்பைப் பற்றியவை அல்ல. 1415இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயர் பெற்ற வெற்றியைப் பாடுவதும் ஒரு கேரலே. 1521இல் வின்கின் டி வோர்ட் அச்சிட்ட தொகுப்பின் பெயரில் கிறிஸ்துமசும் கேரலும் இணைந்து நின்றன.

1647இல் ஆங்கில நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே நீக்கியது. 1660இல் முடியாட்சி திரும்பியபோது பண்டிகையும் திரும்பியது. ஆனால் பழைய கேரல்கள் நாட்டுப்புறத்தில் பாமர மக்களின் வாய்வழியாகவே பெரிதும் வாழ்ந்தன. அவை மறைந்துவிடுமோ என்ற கவலையில் டேவிஸ் கில்பர்ட் 1822இலும் வில்லியம் சாண்டிஸ் 1833இலும் தொகுப்புகளை வெளியிட்டனர்.

1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் தம் புகழ்பெற்ற கதைக்குக் கேரல் என்று பெயரிட்டு, அதன் ஐந்து பகுதிகளையும் பாட்டின் பகுதிகள் போலவே பெயரிட்டார். அக்கதையில் ஒரு சிறுவன் ஸ்குரூஜின் கதவுத் துளைவழியே பாட வருகிறான். கருமியான ஸ்குரூஜ் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவனை விரட்டுகிறான். கேரல் என்பது வாசலுக்கு வந்து பாடப்படுவது, அதைக் கேட்க மறுப்பது மனிதத்தையே மறுப்பது என்ற எண்ணம் அச்சிறு காட்சியில் அடங்கியுள்ளது.

1880இல் ட்ரூரோ நகரில், பேராலயம் கட்டி முடிக்கப்படாத நிலையில், ஒரு மரக்கொட்டகையில் ஒன்பது வாசகங்களும் கேரல்களும் கொண்ட வழிபாடு நடந்தது. முதல் உலகப் போர் முடிந்த 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை ஏற்றது. 1928 முதல் வானொலி அதைப் பரப்பியது. ஆலய முற்றத்திலிருந்து துரத்தப்பட்ட சொல், ஆலயத்தின் நடுவிலேயே இடம்பெற்றது. ஆனால் ஆடிய கால்கள் வெளியிலேயே நின்றுவிட்டன.

தமிழில் ஓர் இணை: குரவை

கரோல் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கும் தமிழருக்குக் குரவைக் கூத்து நினைவுக்கு வரும். எழுவர் அல்லது ஒன்பதின்மர் கைகோத்து வட்டமாக நின்று பாடி ஆடுவது குரவை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயர்களையே மாதரி இடுகிறாள். அங்கே ஆடுவோரின் வட்டமே ஒரு பண்ணாகிறது. தீய நிமித்தங்களைக் கண்டு அஞ்சி, திருமாலை வேண்டி ஆடப்பட்ட குரவை அது. போர் வெற்றியில் தேரின் முன்னும் பின்னும் ஆடும் குரவைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. வழிபாட்டுக்கும் வெற்றிக்கும் ஒரே வடிவம் பயன்பட்டது என்ற வகையில் இரண்டும் ஒத்துள்ளன.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. பிற்காலத்தில் குரவை என்ற சொல், சுப நிகழ்ச்சிகளில் பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் ஒலியைக் குறிப்பதாயிற்று. குலவை என்று பலர் சொல்வது இதையே. இங்கும் ஆட்டம் நழுவி, ஒலி மட்டும் சொல்லில் தங்கியது.

ஒலி ஒப்புமையைக் கொண்டு, குரவையிலிருந்தே கரோல் பிறந்தது என்று முடிவுகட்டுவது சரியன்று. அதற்குச் சான்று இல்லை. தொடர்பில்லாத இரு நாட்டு மக்கள் ஒரே வடிவத்தைக் கண்டடைந்தார்கள் என்பதே போதிய பெருமை. அதுபோல் குறவஞ்சி என்பதும் வல்லின றகரம் கொண்ட வேறு சொல்.

திருச்சிராப்பள்ளியும் மார்கழியும்

திருச்சிராப்பள்ளிக்கு 1762இல் வந்த சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் கோட்டைப் பகுதியில் 1766இல் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. பின்னர் அவர் தஞ்சாவூரில் வாழ்ந்தபோது அவரிடம் வளர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). இவர் கிறிஸ்து பிறந்த ஊரின் பெயரால் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். மேல்நாட்டுப் பாட்டை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், ஆட்டமும் பாட்டும் கலந்த தமிழ் நாடக வடிவத்தையே அவர் எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் மேல்நாட்டு மெட்டில் அமைந்தவை பாமாலை என்றும், இராகத் தாளத்தோடு அமைந்தவை கீர்த்தனை என்றும் இன்றும் பிரித்தே வழங்கப்படுகின்றன.

கேரல் ஒலிக்கும் அதே மார்கழியில், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் பகல் பத்து, இராப்பத்து விழா நடைபெறுகிறது. அங்கே அரையர்கள் உயர்ந்த குல்லாய் அணிந்து, கையில் தாளமேந்தி, ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயமும் செய்கின்றனர். பாட்டையும் உடலசைவையும் பிரிக்காமல் கோயிலுக்குள்ளேயே காத்துவந்த மரபு இது. ஐரோப்பாவில் கரோல் இழந்தது எது என்பதை அரையர் சேவையைப் பார்ப்பவர் எளிதில் உணரலாம்.

பாலக்கரை போன்ற பகுதிகளின் கேரல் குழுக்களில் கிதாரும் மேளமும் உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவரும் உண்டு. மேளம் வேகமெடுக்கும்போது சிறுவர்கள் ஆடத் தொடங்குவார்கள். பாடத் தெரியாதவர்கள் பல்லவியில் மட்டும் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாட, கால்களும் சேர்ந்துகொள்ளும் அந்தச் சில நிமிடங்களில், 700 ஆண்டுகளுக்கு முன்பு தடை செய்யப்பட்ட பழைய பொருள் இச்சொல்லுக்குத் திரும்பிவிடுகிறது.