துண்டுக்கு அடியில்

கெலாங் பாத்தாவில் ஒரு டெரஸ் வீடு வாங்க எட்டு மாதமாக அலைகிறேன். இதுவரை மூன்று வீடுகளுக்கு விலை எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்றுமே கைக்கு வரவில்லை.

நம் நாட்டில் பழைய வீடு வாங்கும் முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் ஒரு படிவம் நீட்டுவார். அதில் நாம் கொடுக்க நினைக்கும் விலையை எழுதி, அதில் 2 அல்லது 3 விழுக்காட்டுக்குக் காசோலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் கையெழுத்துப் போட்டால், வழக்கமாகப் பதினான்கு நாளில் ஒப்பந்தம் செய்து, முன்பணத்தை 10 விழுக்காடாக நிரப்ப வேண்டும். போடாவிட்டால் காசோலை திரும்பி வரும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நம்மைச் சாகடிப்பது, படிவம் கொடுத்ததற்கும் பதில் வருவதற்கும் இடையில் இருக்கும் அந்த நாட்கள்தான்.

"அண்ணே, இன்னொரு பையர் வந்துட்டாரு. சிங்கப்பூர்ல வேலை. பத்தாயிரம் கூடப் போடுறேங்கறாரு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா ஓனர்கிட்ட நான் பேசிடுறேன்."

அந்தச் சிங்கப்பூர்க்காரர் உண்மையிலேயே இருக்கிறாரா? உரிமையாளர் கேட்ட விலைதான் என்ன? எனக்குத் தெரிய வழியே இல்லை. ஒரே வீட்டை மூன்று ஏஜென்ட்கள் மூன்று விலையில் விளம்பரப்படுத்தியிருந்தார்கள். இன்னொரு வீடு விற்று முடிந்து ஒரு மாதம் கழித்தும் "நேற்றுத்தான் மார்க்கெட்டுக்கு வந்தது" என்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீடு பூமிபுத்ரா லாட் என்பதை, நான் விலை எழுதிக் கொடுத்த பிறகு சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. மலேசியாவில் வீட்டு ஏஜென்டின் கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு, அதையும் விற்பவர்தான் கொடுக்கிறார். ஐந்து லட்சம் வெள்ளி வீட்டுக்குப் பதினைந்தாயிரம். நான் பத்தாயிரம் கூட்டிக் கேட்டால் கமிஷனில் ஏறுவது முந்நூறு வெள்ளி. அந்த முந்நூறும் நிறுவனத்துக்கும் அவருக்குமாகப் பிரியும். ஆக, அந்த இரண்டாவது ஆள் கற்பனை என்றாலும் அவரை உண்டாக்குவது விலையை ஏற்றுவதற்கு அல்ல, என்னை அவசரப்படுத்துவதற்கு. ஏஜென்டுக்கு வேண்டியது நல்ல விலை இல்லை, முடிந்த வியாபாரம். விற்பவருக்குக்கூட இதில் அவர் முழு நண்பர் கிடையாது.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்பவரின் விரலைப் பிடித்துவிட்டு வந்து வாங்குபவரின் விரலைப் பிடிப்பார். இரண்டு விலையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எட்டு மாதமாக நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் துண்டின் ஒரு முனையை.

மலேசியத் தமிழ்ப் பெரியவர்களுக்கு 'எஸ்டேட்' என்றால் வேறு பொருள். வீட்டு விஷயமாக எஸ்டேட் ஏஜென்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், "எந்த எஸ்டேட்டு?" என்று கேட்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்கள் கேட்பது தப்பே இல்லை. இந்த மண்ணின் முதல் எஸ்டேட் ஏஜென்ட்கள் கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட், பௌஸ்டெட் போன்ற ஏஜென்சி நிறுவனங்கள். லண்டனில் பங்குதாரர், மலாயாவில் ரப்பர் மரம், நடுவில் இவர்கள். மானேஜரை வைப்பது, ரப்பரை விற்பது, சரக்கு வாங்குவது, இன்சூரன்ஸ் எடுப்பது என்று ஒவ்வொன்றிலும் அவர்களுக்குக் கட்டணமோ கமிஷனோ உண்டு.

அவர்களுக்குக் கீழே கங்காணி. ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தவர். அவர் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அந்தக் கணக்குக்கு அவருக்குத் தலைக்காசு. காய்ச்சல்காரனையும் விடியலில் லயத்திலிருந்து எழுப்பிவிட்ட கங்காணிக் கதைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் மனிதன் எண்ணத்தான் செய்வான். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்தபோது கங்காணி வழி ஆள்சேர்ப்பு முடிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்தான் நிலத்தரகர். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகளுக்குப் பயம் பிடித்தது. அவசரகாலம், வரப்போகும் சுதந்திரம், வயதான மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் செலவு. பலர் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியது பெரும்பாலும் உள்ளூர் வியாபாரிகளின் கூட்டுகள். முழுத் தோட்டமாக வைத்துக்கொள்ள அல்ல, துண்டு போட்டு விற்க. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றால் ஏக்கருக்குக் கிடைக்கும் வித்தியாசமே லாபம். இதைத்தான் நம் சரித்திரம் தோட்டத் துண்டாடல் என்கிறது. உங்கு அஜிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றி ஓர் ஆய்வே நடந்தது.

பாடநூலில் இது இரண்டு வரி. லயத்தில் என்ன நடந்தது என்பதற்கு அந்த இரண்டு வரி போதாது. நூறு ஏக்கருக்கு மேலிருந்தால் அது எஸ்டேட், குறைந்தால் சிறுதோட்டம். எஸ்டேட் என்றால் சங்கம் பேசிய கூலி, லயம், ஆயாக்கொட்டகை, தோட்டப் பள்ளி. துண்டு போட்ட மறுநாள் அங்கே எஸ்டேட்டே இல்லை. நிலம் அதே நிலம், மரமும் அதே மரம். ஆனால் பால்மரம் வெட்டுபவனுக்கு வீடு கொடுக்க வேண்டிய முதலாளி காணாமல் போய்விட்டார். அவருக்குப் பதிலாகப் பத்து ஏக்கர்க்காரர், பதினைந்து ஏக்கர்க்காரர் என்று ஆளாளுக்கு ஒரு மூலையில்.

என் தாத்தா கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். தோட்டம் விற்ற சேதி அவருக்குத் தெரிந்தது அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்தபோதுதான் என்பார். "கிராணிக்கே தெரியாதுன்னுட்டாரு. எங்களுக்கு எங்க?" விலை எவ்வளவு என்று கேட்டீர்களா தாத்தா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். விலையைக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதைக் கேட்கலாம் என்று சொன்னவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராகவும் மஇகா தலைவராகவும் இருந்தவர், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் இன்னும் பல தோட்டங்கள். மஇகா அரசியல் மீது எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. ஆனால் இந்த ஒரு காரியத்தின் புத்திசாலித்தனத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. துண்டாடலை நிறுத்து என்று அரசிடம் மனுக் கொடுப்பது ஒரு வழி. அதையும் செய்தார்கள். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்து, தோட்ட நிலத்தைக் கைமாற்ற வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றானது. ஆனால் தரகர் கூட்டு உட்கார்ந்து விலை பேசும் அதே மேசையில், பால்வெட்டுக்காரனையும் விலை கேட்பவனாக உட்கார வைத்தது சம்பந்தனின் யோசனை.

தாத்தாவும் பத்துப் பத்தாகக் கட்டிப் பங்கு வாங்கினார். அவர் இருந்த தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. அது துண்டாகிப் போனது போனதுதான். அவர் கண்ணால் பார்க்காத கெடாத் தோட்டத்தில் அவருக்குப் பங்கு. தூங்கிய லயத்து அறையிலோ ஒரு செங்கல்கூட இல்லை.

1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு வந்தது. தேசியப் பெருமிதத்தோடு இன்றும் சொல்லப்படும் கதை. பெருமிதம் நியாயம்தான். அந்தத் தோட்டங்களின் லயங்களில் இருந்தவர்கள் அன்று காலையில் வழக்கம்போல மரத்துக்குப் போயிருப்பார்கள். வீட்டு ஏஜென்ட்களை ஒழுங்குபடுத்தும் 242ஆம் சட்டமும் அதே 1981இல் வந்ததுதான். ஏஜென்டின் கீழே வேலை செய்யும் பேரம் பேசுபவர்களுக்குப் பதிவு எண்ணும் கழுத்தட்டையும் 2014இல்தான் வந்தன. பதிவில்லாமல் தரகு செய்தால் மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அட்டை மாட்டியவர் சொல்லும் "இன்னொரு பையர்" உண்மையா என்று சரிபார்க்க எனக்கு ஒரு வழியும் இல்லை.

கெலாங் பாத்தா நிலம் கைமாறிய வேகம் தனி. ஜொகூரில் மிளகும் காம்பிரும் போட்ட சீனக் காங்சூக்களுக்கு ஆற்றோரமாக நிலம் எழுதிக் கொடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்த மாநிலத்தில் நிலத்துக்கும் உழைப்பவனுக்கும் நடுவில் ஒருவர் உண்டு. அப்புறம் ரப்பர், செம்பனை. 1998இல் தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து துவாசுக்கு இரண்டாவது பாலம் திறந்ததும் ஓரமாகக் கிடந்த ஊர் சிங்கப்பூரின் பின்வாசலானது. 2006இல் இஸ்கந்தர் திட்டம், 2012இல் லெகோலாந்து, பிறகு கடலைத் தூர்த்து எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி. 2013 பொதுத்தேர்தலில் லிம் கிட் சியாங் நின்று வென்ற கெலாங் பாத்தா தொகுதிக்கு 2018 தேர்தலில் பெயரே இஸ்கந்தர் புத்ரி. ஃபாரஸ்ட் சிட்டி அடுக்குமாடிகளை முதலில் விற்றது பெரும்பாலும் சீன நாட்டினரிடம். சீனா பணம் வெளியே போவதை இறுக்கியதும் பல சன்னல்கள் இருட்டாகவே நின்றன. இங்கே இருபது நிமிடத் தூரத்தில் ஒரு ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் டெரஸ் வீட்டுக்கு மூன்று பேர் முட்டிக்கொள்கிறோம். அல்லது முட்டிக்கொள்வதாகச் சொல்லப்படுகிறோம்.

பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்பதை இப்போது அரசாங்கத்தின் நாப்பிக் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது விலையை எழுதினேன். "அது பழைய ரேட்டுண்ணே" என்றார் ஏஜென்ட்.

சரி, துண்டே இல்லாத இடத்துக்குப் போகலாம் என்று லெலோங் பக்கம் போனேன். லெலோங் என்ற மலாய்ச் சொல்லும் நம் ஏலமும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. கடன் கட்டாத வீட்டுக்கு ஒதுக்கு விலை வைப்பார்கள். அதில் 10 விழுக்காட்டுக்கு பேங்க் டிராஃப்டோடு போக வேண்டும். எடுத்தால் மீதியை 120 நாளில் கட்ட வேண்டும், தவறினால் முன்பணம் போச்சு. யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது எல்லார் காதிலும் விழும். எட்டு மாதத்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

பிறகு விற்பனை அறிவிப்பின் நிபந்தனைகளைப் படித்தேன். வீடு உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றுவது எடுத்தவர் பொறுப்பு. பட்டியலில் இருந்த ஒரு வீட்டை ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரப் போனேன். வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் இன்னும் பச்சையாக இருந்தது.