கியூபெக் பாலம்: கூட்டிப் பார்க்காத எடை



கனடாவில் கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே ஓர் எஃகுப் பாலம் இருக்கிறது. நடுவில் தூணே இல்லாமல் 1800 அடி தாண்டுகிறது. கேண்டிலீவர் வகைப் பாலங்களில் இன்றும் உலகிலேயே நீளமானது இதுதான். ஆனால் கட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை ஆற்றில் விழுந்த பாலம் இது.

எஃகுச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துச் செய்வது டிரஸ் பாலம். சதுரச் சட்டத்தை அழுத்தினால் கோணிவிடும். முக்கோணம் வடிவம் மாறாது. இங்கே இரு தூண்களிலிருந்தும் நம் வீட்டு பால்கனி போல இரண்டு கைகள் ஆற்றின் மேல் நீள்கின்றன. அவற்றின் நடுவே ஒரு தனிப் பகுதி தொங்குகிறது. பாரம் ஏறும்போது கையின் மேல்சட்டம் இழுபடும், அடிச்சட்டம் நசுக்கப்படும்.

ஆலோசகர் தியோடர் கூப்பர், நியூயார்க்கில் இருந்த பெயர்பெற்ற பொறியாளர். நடு இடைவெளி முதலில் 1600 அடிதான். 1900-ல் அவர் அதை 1800 ஆக்கச் சொன்னார். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடுமல்லவா? அதை மறுபடி கணக்கிடவில்லை. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பழைய கூட்டுத்தொகையையே அடுத்த பக்கத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். உண்மை எடை தெரிந்தபோது வேலை வெகுதூரம் போயிருந்தது. தாங்கும் என்று கூப்பர் ஏற்றுக்கொண்டார்.

1907 ஆகஸ்டில் அடிச்சட்டங்கள் வளைந்தன. ஒன்றில் முக்கால் அங்குல வளைவு சில நாட்களிலேயே இரண்டேகால் அங்குலமானது. அது முன்பே இருந்த வளைவு என்று கட்டுமான நிறுவனம் வாதாடியது, வேலை நிற்கவில்லை. களத்திலிருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர், ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் போய் நேரில் சொன்னார். இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அடித்தார். அது போனது பென்சில்வேனியாவிலிருந்த நிறுவனத்துக்கு. கியூபெக்கில் வேலை தொடர்ந்தது. அன்று மாலை, வேலை முடிகிற நேரத்தில், தென்பகுதி முழுவதும் சரிந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். அவர்களில் 33 பேர் காநவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர்.

அடிச்சட்டங்களின் பின்னல் இணைப்புகள் பலவீனமானவை என்று விசாரணை ஆணையம் கண்டது. புதிய பாலத்துக்கு மிகத் தடித்த சட்டங்கள் போட்டார்கள். 1916-ல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அதைத் தாங்கிய வார்ப்பு உடைந்து, மேலும் 13 பேர் இறந்தனர். 1917-ல்தான் பாலம் முடிந்தது.

வளைவைக் கண்டவர்கள் இருந்தார்கள், அளந்தவர்களும் இருந்தார்கள். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் மட்டும் அங்கே இல்லை. மொட்டை மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கு முன் எடையைக் கேட்பவரை, எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பவர் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம்.