மழைக்கணக்கும் கூலிக்கணக்கும்

மழை பேய்ஞ்சும் கெடுக்கும், காய்ஞ்சும் கெடுக்கும் என்று சொல்வார்கள். யாரைக் கெடுக்கும் என்று அந்தச் சொலவடை சொல்வதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் மழை வரலாற்றைப் படிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காவிரி 800 கிலோமீட்டர் ஓடிவருகிற ஆறு. 81,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அதன் வடிநிலம். மேலே குடகில் பெய்வது தென்மேற்குப் பருவமழை. கீழே நம் பக்கம் பெய்வது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கொள்ளிடத்தை ஒட்டிய சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டையும் நம்பிப் பிழைக்கிற பூமி. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று தாங்கும். இரண்டும் ஏமாற்றினால் பஞ்சம். வடக்கே வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கம் பரவனாறும் ஏரிகளும். வானம் கொட்டினால் அவையும் பொங்கும்.

1866இல் ஒரிசா முதல் சென்னை மாகாணம் வரை பஞ்சம் ஆளைத் தின்றது. அடுத்த வருசம், 1867 மே 23 அன்று, வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பல சத்திரங்களில் பார்ப்பனருக்கே பந்தி என்றிருந்த காலத்தில், சாதி கேட்காமல் சோறு போட்டது சின்னக் காரியமில்லை.

பத்தாண்டு முடியுமுன் 1876இல் தாது வருசப் பஞ்சம் வந்தது. இரண்டு பருவமும் பொய்த்தன. அதே காலத்தில் வடசீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் பஞ்சம். பசிபிக் கடல் சூடேறியதோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் கூலியைக் குறைத்தது கடல் இல்லை. 1877இல் வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்றார். கொஞ்சம் சில்லறை சேரும், அவ்வளவுதான். இது உயிர் தாங்காது என்று மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டார்.

வறட்சி வந்தால் முதலில் வயல்வேலை நிற்கிறது, கூலியை நம்பியவர்கள் முதலில் விழுகிறார்கள் என்று 1880இல் பஞ்சக் கமிஷனே எழுதியது. அந்தக் கூலிகள் யார்? பெருமளவு சேரி சனங்கள், பண்ணையாட்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்களிலும் அவர்கள் நிறைய.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏரி மதகைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணி பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம் ஆட்கள். எந்த மடைக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் தண்ணியைப் பங்கு வைத்தவனுக்கு அதைப் பாய்ச்ச சொந்த வயல் இல்லை.

இது பழங்கதையா? 2015 நவம்பர் 9ஐ ஒட்டிய ஒரே நாளில் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. வருசம் பூரா பெய்ய வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் ஓடைவெள்ளம் வீட்டோடு ஆளையும் கொண்டுபோனது. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்று என்றைக்கோ வகுத்துவிட்டார்கள். அந்த வகுப்பின் வழியே தண்ணி வந்தது. நிவாரணம் கொடுத்ததிலும் சாதி இருந்ததைத் தலித் அமைப்புகள் அப்போதே விசாரித்து வெளியிட்டன.

மறுவருசம் 2016இல் தலைகீழ். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 1876க்குப் பிறகு இப்படி இல்லை என்றார்கள். 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். நூறுநாள் வேலை 150 நாளாகும் என்றும் சொன்னார்கள்.

இந்த அறிவிப்பைக் கூர்ந்து பாருங்கள். காய்ந்த பயிருக்கு ஏக்கர் கணக்கில் பணம். ஏக்கர் இல்லாதவளுக்கு? நடவில்லாமல், களையில்லாமல், அறுப்பில்லாமல் அந்தப் போகத்தில் அவள் இழந்த நாட்களை எந்த வி.ஏ.ஓ.வும் எழுதவில்லை. நூறுநாள் வேலை என்பது மண்வெட்டிச் சம்பாதிப்பது. போன கூலிக்கு அது ஈடாகாது. வேலை செய்தால்தான் பஞ்சத்தில் சோறு என்ற 1877 நியாயம் இதற்குள் இன்னும் இருக்கிறது.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. சிதம்பரத்தை ஒட்டிய கொள்ளிடக்கரை கிராமங்கள் மூழ்கின. அதே நேரத்தில் கடைமடை வாய்க்காலில் தண்ணி வரவில்லை என்று விவசாயிகள் மறியல் செய்தார்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே வாரத்தில், ஒரே வட்டாரத்தில்.

1892இல் நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் பட்டா இருந்திருக்கும். பட்டா இருந்தால் அந்த ஏக்கர் பணமாவது வந்திருக்கும். ஆகவே பஞ்சமி நில மீட்பை மழையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மழையளவு மில்லிமீட்டரில் பதிவாகிறது. அணை நீர்மட்டம் அடியில் பதிவாகிறது. சேரியில் எத்தனை அடி தண்ணி நின்றது, எத்தனை நாள் அடுப்பெரியவில்லை, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பது நம் கிழவிகளிடம்தான் இருக்கிறது. மாணவர்கள் வருசவாரியாகக் கேட்டு எழுதட்டும். இழந்த வேலைநாளுக்கு நிவாரணம், மேட்டில் மனை என்று கேட்கப் போகிறபோது கலெக்டர் ஆபீசில் வைக்க அந்தக் கணக்கு வேண்டும்.