தொண்டும் தொண்டர்தம் நலமும்

பிறர் துயர் துடைக்கப் புகுந்தோர் தம் உடலைப் பேணுதல் தன்னலமாகுமா என்னும் வினா பழமையானது. உடலை உருக்கி உழைத்தலே தொண்டின் உச்சம் எனக் கருதுவோர் பலர். சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பதோ முதுமொழி. இவற்றுள் எது தொண்டுக்குத் துணையாவது என்பதைத் துணிவதற்குப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் (1820–1910) வரலாறு பெரிதும் உதவும். நள்ளிரவிற் கையில் விளக்கேந்தி நோயாளரிடையே அவர் உலவிய காட்சியை யாவரும் அறிவர். அவ்விளக்கின் காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. அதன்பின் அவர் வாழ்ந்த 54 ஆண்டுகளிலேயே இவ்வினாவுக்கு விடை காணலாம்.

கிரிமியப் போர் நிகழ்ந்த காலத்தில், 1854 நவம்பர் 4ஆந் திகதி, அம்மையார் 38 தாதியருடன் ஸ்கூற்றாரியிலிருந்த படை வைத்தியசாலையை அடைந்தார். தாதியரின் உழைப்பிற் குறையேதும் இல்லை. ஆயினும் அக்குளிர்காலத்தில் இறப்புக் குறையவில்லை, மிகுந்தது. 1855 மார்ச்சு மாதத்தில் வந்த சுகாதார ஆணைக்குழுவினர், கட்டடத்தின் கீழ் அடைபட்டுக் கிடந்த கழிவுக்கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழிசெய்த பின்னரே அது விரைந்து வீழ்ந்தது. ஒருவர் இராப்பகலாக உழைப்பதனால் மாத்திரம் உயிர்கள் பிழைப்பதில்லை. செவ்விய அமைப்பும் வேண்டும். போர் முடிந்தபின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தபொழுதே அம்மையார் இவ்வுண்மையை முழுதும் உணர்ந்தார்.

அவ்வுழைப்பு அவருடலையும் வாட்டியது. 1855 மே மாதத்திற் பலக்கிளாவாவிற் கடுங்காய்ச்சல் கண்டு, அரிதின் உயிர் பிழைத்தார். தாயகம் திரும்ப உடன்படாது போர் முடியும்வரை கடமையில் நின்றார். 1857 ஆகஸ்டு மாதத்தில் முற்றாகத் தளர்ந்தார். புரூசெல்லா என்னும் நுண்ணுயிரால் விளைந்த நாட்பட்ட நோயே அது என 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கருதுகின்றது. அன்றுதொட்டுப் பல்லாண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையிலும் அறையினுள்ளுமே வாழ்ந்தார். முன்னரே நேரங் குறித்து, ஒரு நேரத்தில் ஒருவரையே கண்டார். விருந்தும் வீண்பேச்சும் விலக்கினார். எஞ்சிய வலிமையைச் சிதறவிடாது காத்தமையினாலேயே படைவீரர் நலம், வைத்தியசாலைக் கட்டட அமைப்பு, இந்தியாவின் சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றி அறிக்கை பல எழுத அவரால் இயன்றது.

தமக்கு அளித்த இக்காவலை அவர் தம் துணைவர்க்கு அளித்தாரா? இங்கேதான் வரலாறு கசக்கின்றது. படைச் சுகாதாரச் சீர்திருத்தத்தில் அவருக்கு வலக்கையாய் நின்றவர் சிட்னி ஹேர்பேட். 1859இல் யுத்த மந்திரியான அவருக்கு, அடுத்த ஆண்டின் இறுதியிற் சிறுநீரக நோய் இருப்பதாக வைத்தியர் கண்டனர். ஓய்வு இன்றியமையாததாயிற்று. பொதுமக்கள் சபையை விட்டுப் பிரபுக்கள் சபைக்குச் செல்லலாம், மந்திரிப் பதவியை மாத்திரம் விடலாகாது என அம்மையார் வற்புறுத்தினார். 1861 ஜூன் மாதத்தில், இனி இயலாது என ஹேர்பேட் கூறியபொழுதும் அவரைக் கடிந்துகொண்டார். ஆகஸ்டு 2ஆந் திகதி ஹேர்பேட் தமது ஐம்பதாவது வயதிற் காலமானார். அம்மையாரின் எழுத்துப்பணிகளுக்கு உதவிவந்த கவிஞர் ஆதர் ஹியூ கிளவ் என்பவரும் அதே ஆண்டு நவம்பரில், 42 வயதில் மறைந்தார். அம்மையார் ஆறாத் துயருற்றார். எடுத்த சீர்திருத்தமும் முற்றுப்பெறாது நின்றது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1860இல், பொதுமக்கள் திரட்டிய நிதியைக்கொண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அம்மையார் தாதியர் கல்லூரியை நிறுவியிருந்தார். அங்கே பயிலவந்த மாணாக்கியர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் படுக்கையறையும், யாவர்க்கும் பொதுவான இருக்கைக்கூடமும் அமைக்கப்பட்டன. நோயாளரைப் பேணுவோர்க்கு உறக்கமும் தனிமையும் வேண்டும் என்பது அக்கட்டடத்திலேயே இடம்பெற்றது. 1859இல் அவர் எழுதிய தாதியர் பணி பற்றிய நூலிலும், ஒருவர் அருகிருந்து செய்வதை அவர் இல்லாதபொழுதும் தவறாது நடைபெறுமாறு ஒழுங்குசெய்தலே சிறந்த நிருவாகம் என்னும் கருத்து வலியுறுத்தப்படுகின்றது. தாம் இன்றேல் யாவும் நின்றுவிடும் என எண்ணுவோர்க்கு ஓய்வில்லை. தாம் இன்றியும் நடக்க வழிவகுத்தோர்க்கே ஓய்வு கூடும்.

மாணாக்கியர்க்கு அறையொன்று அமைத்த அறிவு, நண்பர்க்கு விடுப்பளிக்கும் அருளாக மலரவில்லை. அம்மையாரின் பெருமை இதனாற் குன்றிவிடாது. ஆயின் அவர் வரலாறு புகட்டும் பாடம் இதனாலேயே நிறைவுறுகின்றது. பள்ளியிலும் வைத்தியசாலையிலும் ஊர்மன்றத்திலும் பிறர்க்கென உழைப்போர், தம் உடலைத் தொண்டின் முதற்கருவியாகக் கொண்டு பேணல் வேண்டும். உடன் உழைப்போர் தளர்ந்து நிற்கும்பொழுது, பணியின் அவசரத்தைக் காட்டி அவர்தம் வாயை அடைத்தல் ஆகாது. நைற்றிங்கேல் அம்மையார் தமது தொண்ணூறாவது வயதில் இயற்கை எய்தினார். ஹேர்பேட் அதற்கு 49 ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். இருவரும் மேற்கொண்ட தொண்டு ஒன்றே.